டிக் கோளாறுள்ள பிள்ளைக்கு மருந்து: தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா, நிறுத்துவதா?

டிக் என்பது பிள்ளை வேண்டுமென்று செய்யாமல், திரும்பத் திரும்பச் சட்டென்று வரும் அசைவு அல்லது ஒலி. டிக் கோளாறு என்று கண்டறிந்து மருந்து தொடங்கி ஓராண்டு ஆனபின் பல பெற்றோர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் தொண்டைச் செருமலும் பாதியாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் பிள்ளை முதல் பாடவேளையிலேயே தூங்கி வழிகிறது. போன ஆண்டு எடுத்த சட்டை எதற்கும் பொத்தான் போட முடியவில்லை. முன்பு ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது. “மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதா, நிறுத்திவிடுவதா?” என்ற கேள்வி அப்போது எழுவது இயல்பே. ஆயினும் பெற்றோர் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் மட்டுமல்ல. அதே மருந்தை அதே அளவில் தொடர்ந்தபடி பக்கவிளைவைச் சமாளிக்கலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம், படிப்படியாக நிறுத்தலாம். நடத்தைப் பயிற்சி என்ற ஒன்றும் இருக்கிறது. அது இந்த நான்கில் எதனோடும் சேர்ந்து வரக்கூடியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக் தானாகவே கூடும், தானாகவே குறையும். மருந்தால் ஏறிய எடை தானாகக் குறைவதில்லை. மருந்தின் பலனையும் அதன் விலையையும் தராசில் வைக்கும்போது இந்த வேற்றுமையை மறந்துவிடுவதுதான் பெரும்பாலான தவறான முடிவுகளுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே எழுதுவதெல்லாம் மருத்துவரிடம் போகுமுன் கேள்விகளைத் தெளிவாக்கிக்கொள்வதற்காகவே. எந்த மருந்தின் அளவையும் வீட்டிலேயே மாற்றுவதற்காக அல்ல. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது குளோனிடின் என்ற மருந்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

எதனோடு எதை ஒப்பிடுகிறோம்

பொதுவாக டிக் ஐந்து, ஆறு வயதையொட்டித் தொடங்குகிறது. பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. பதின்ம வயதின் பிற்பகுதியில் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தணிகிறது. அசைவு டிக்கும் ஒலி டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் டூரெட் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பற்றி 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரியாகப் பத்து வயதில் டிக் மிகக் கடுமையாக இருந்தது. பதினெட்டு வயதை எட்டியபோது ஏறத்தாழப் பாதிப் பேரிடம் டிக் அநேகமாக இல்லாமலே போயிருந்தது. இது பல ஆண்டுகளின் கணக்கு. அதற்குள்ளேயே வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அலைபோல ஏற்ற இறக்கம் உண்டு. இந்த மாதம் மூக்கைச் சுளிக்கும் பிள்ளை அடுத்த மாதம் கழுத்தைச் சொடுக்கும். அதற்கடுத்த மாதம் எதுவுமே இல்லாததுபோல் இருக்கும்.

இந்த அலைதான் ஒப்பீட்டைக் கெடுக்கிறது. பெற்றோர் மருத்துவரைத் தேடிப் போவது டிக் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தில் இருப்பது எப்படியும் சில வாரங்களில் இறங்கும். அந்த இறக்கத்தின் ஒரு பகுதி மருந்தின் கணக்கில் எழுதப்படுகிறது. அதேபோல, மருந்தைக் குறைத்த இரண்டாம் வாரத்தில் டிக் கூடினால் குறைத்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். குறைக்காமல் இருந்திருந்தாலும் அந்த வாரம் கூடியிருக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. பரிசோதனைகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த பிள்ளைகளுக்கும் ஓரளவு முன்னேற்றம் தெரிவது இந்தக் குழப்பத்துக்குச் சான்று. மருந்துகள் பலனளிப்பதில்லை என்பது இதன் பொருளல்ல. பல மருந்துகள் வெற்று மாத்திரையைவிடத் தெளிவாகவே மேலானவை. ஆனால் ஒரு வாரத்தை மற்றொரு வாரத்தோடு ஒப்பிட்டு எதையும் தீர்மானிக்க முடியாது. மூன்று மாதத்தை மூன்று மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். டிக் மருந்துகள் எவையும் நோயைக் குணப்படுத்துவதில்லை. அறிகுறியை அடக்குகின்றன, அவ்வளவே. மருந்தை முழுதாக எடுத்தாலும் சில டிக் எஞ்சியிருக்கும். ஆகவே “டிக் முற்றிலும் போய்விட்டதா?” என்பதை அளவுகோலாக வைத்தால் எந்த மருந்தும் தோற்கும், அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். டிக்கினால் பிள்ளைக்கு வலி உண்டா, எழுதவோ படிக்கவோ தடையாகிறதா, சக மாணவர்கள் கேலி செய்கிறார்களா, தூங்கப்போவது கடினமாகிறதா என்பவைதான் கேட்க வேண்டியவை. இவற்றில் எதற்காக மருந்து தொடங்கினோம் என்று நினைவிருந்தால், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பல வீடுகளில் அது நினைவில்லை. பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பதே முதல் காரணமாக இருந்த வீடுகளும் உண்டு.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி, எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வற்புறுத்தும் ஓசிடி, பதற்றம் ஆகியவை டூரெட் உள்ள பிள்ளைகளிடம் மிகவும் பரவலாகக் காணப்படுகின்றன. பல பிள்ளைகளுக்கு டிக்கைவிட இவைதான் படிப்பையும் நட்பையும் கெடுக்கின்றன. மருந்தை நிறுத்தியபின் “டிக் கூடிவிட்டது” என்று சொல்லப்படும் சில நேரங்களில் உண்மையில் கூடியிருப்பது கவனச்சிதறலோ பதற்றமோதான்.

எந்த மருந்துக்கு என்ன விலை

டிக்கை அடக்குவதில் மிக வலிமையானவை, மனநோய்களுக்கும் கொடுக்கப்படும் ஆன்டிசைக்காடிக் வகை மருந்துகள். ஹாலோபெரிடால் 1961 முதலே இதற்குப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. பிமோசைட் அமெரிக்காவில் 1984இல் டூரெட்டுக்கென அனுமதி பெற்றது; அரிபிப்ரசோல் 2014 டிசம்பரில், 6 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு. ரிஸ்பெரிடோனும் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. இவை எல்லாமே மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கட்டுப்படுத்துகின்றன. டிக் குறைவதும் பக்கவிளைவு வருவதும் அந்த ஒரே செயலிலிருந்துதான் பெரிதும் கிளைக்கின்றன.

எடையை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதுதான் மெதுவாக, சத்தமில்லாமல் ஏறுவது. முன்பு இவ்வகை மருந்தே எடுத்திராத 4 முதல் 19 வயது வரையுள்ள 272 பேரைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ பதினொரு வாரங்களில் ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோவும், அரிபிப்ரசோல் எடுத்தவர்களுக்கு 4.4 கிலோவும் கூடின. மருந்து எடுக்காத ஒப்பீட்டுக் குழுவுக்குக் கூடியது 0.2 கிலோதான். அந்தப் பிள்ளைகள் வெவ்வேறு மனநலக் காரணங்களுக்காக மருந்து எடுத்தவர்கள். டிக்குக்குப் பெரும்பாலும் குறைந்த அளவே தேவைப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அரிபிப்ரசோல் எடை கூட்டாது என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்த எண் சரியான மறுப்பு. எடையோடு சேர்ந்து ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் மாறக்கூடும் என்பதால், தொடங்குமுன் ஒருமுறையும் பின்னர் குறித்த இடைவெளிகளிலும் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்று ரத்தப் பரிசோதனை ஆகியவை பார்க்கப்பட வேண்டும். தொடக்கத்தில் எடுத்த எண்கள் இல்லையென்றால் பிற்பாடு ஒப்பிட எதுவும் இருக்காது.

அடுத்து அசைவு சார்ந்தவை. மருந்து தொடங்கிய முதல் நாட்களில் கழுத்தோ தாடையோ கண்ணோ ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்வது உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் உடனே சிகிச்சை தந்தால் தீர்ந்துவிடும். உட்கார முடியாத உள் தவிப்பான அகதீசியா இதைவிடத் தந்திரமானது. பிள்ளைக்கு அதை விவரிக்கத் தெரியாது. எழுந்து நடக்கும், காலை ஆட்டும், எரிச்சல்படும். பார்ப்பவர்கள் அதை டிக் கூடியதாகவோ மிகைத்துடிப்பாகவோ எடுத்துக்கொண்டு மருந்தின் அளவை ஏற்றிவிட்டால், தவிப்பு மேலும் கூடும். இதைத் தனியே ஒரு பக்கவிளைவாக நினைவில் வைத்துக்கொள்வது பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல்களில் ஒன்று. நீண்ட நாள் எடுக்கும்போது வாய், நாக்கு, விரல்களில் தன்னிச்சையான அசைவுகள் தோன்றும் டார்டிவ் டிஸ்கினீசியா பிள்ளைகளிடம் அரிதே. ஆனால் அது மருந்தை நிறுத்தினாலும் நீடிக்கக்கூடியது.

எந்தப் பரிசோதனையிலும் அகப்படாதவையும் உண்டு. ஹாலோபெரிடால் எடுத்த டூரெட் பிள்ளைகள் சிலர் திடீரெனப் பள்ளிக்குப் போக அஞ்சியதும், மருந்தைக் குறைத்ததும் அந்த அச்சம் விலகியதும் 1981லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கின்றன. மனம் மந்தமாவது, உற்சாகம் வற்றுவது, முகத்தில் பாவனை குறைவது ஆகியவை “இப்போது ரொம்ப அமைதியாகிவிட்டான்” என்ற பாராட்டுக்குள் ஒளிந்துகொள்கின்றன. ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டுவதால் பையன்களுக்கு மார்பு வீங்குவதும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தவறுவதும் நேரலாம். பதின்ம வயதுப் பிள்ளை இதை வெட்கத்தால் மறைக்கும் என்பதால் கேட்டால்தான் தெரியும். பிமோசைட் இதயத்தின் மின்துடிப்பில் ஓர் இடைவெளியை நீட்டக்கூடியது. அதற்கு ஈசிஜி தேவை. பிமோசைட் எடுக்கும் பிள்ளைக்குச் சளிக்கோ தொண்டை வலிக்கோ கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மருந்துப் பெயர்களும் எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இரண்டாவது வகை, குளோனிடினும் குவான்ஃபாசினும். இவை முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்தவை. டிக்கைக் குறைப்பதில் ஆன்டிசைக்காடிக் அளவு வலிமை இல்லை. ஏடிஎச்டியும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பலன் கூடுதலாகத் தெரிகிறது. குவான்ஃபாசினின் நீடித்து வேலை செய்யும் வடிவத்தை 34 பிள்ளைகளிடம் சோதித்து 2017இல் வெளியான சிறு ஆய்வில், டிக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தூக்கம், வாய் உலர்தல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைதல் ஆகியவை இவற்றின் பக்கவிளைவுகள். எடை, சர்க்கரை பற்றிய கவலை பெரிதாக இல்லை. அதனால்தான் மருந்து தேவைப்படும்போது பல மருத்துவர்கள் இங்கிருந்து தொடங்குகிறார்கள். ஒரு துணைச்செய்தி: குளோனிடின் மாத்திரை உருவில் சிறியது, வீட்டில் உள்ள இன்னும் சிறிய குழந்தை ஒன்றிரண்டை விழுங்கினாலே ஆபத்து. பூட்டி வைக்க வேண்டிய மருந்து அது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். வலிப்புக்கான மருந்தான டோபிரமேட் எடையைக் கூட்டாமல் குறைக்கிறது. ஆனால் சொல் நாவுக்கு வராமல் தடுமாறுவது, யோசனை மந்தமாவது, சிறுநீரகக் கல், வியர்வை குறைவது ஆகியவை அதன் பங்கு. படிப்பு ஏற்கெனவே சுமையாக இருக்கும் பிள்ளைக்கு அது நல்ல பண்டமாற்று அல்ல. டோபமினைக் குறைக்கும் டெட்ராபெனசின் மனச்சோர்வைக் கொண்டுவரலாம். ஓரிரு தசைகளிலேயே நிற்கும் வலிமிக்க டிக்குக்கு, சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடப்படுகிறது. மூன்று மாதங்களையொட்டி அதன் பலன் தானே தீரும் என்பதால் “நிறுத்துவது” என்ற சிக்கலே அதில் இல்லை.

நான்கு வழிகள்

தொடர்வது என்ற வழி சோம்பேறித்தனமான தேர்வு அல்ல. கழுத்தை வெடுக்கெனத் திருப்பும் டிக்கினால் வலியோடு வாழ்ந்த பிள்ளை மருந்தால் நிம்மதியாகப் பள்ளிக்குப் போகிறது என்றால், இரண்டு கிலோ எடைக்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தூக்கம் பிரச்சினை என்றால் மாத்திரை வேளையை இரவுக்கு மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம். எடைக்கு உணவையும் ஓடியாடும் நேரத்தையும் சீர்செய்வது முதல் படி. அதற்கும் மசியாதபோது, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்ப்பதைச் சில மருத்துவர்கள் பரிசீலிக்கிறார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து என்று போகும்போது மட்டும் சற்று நின்று, முதல் மருந்தே இன்னும் தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தொடர்வதாக முடிவு செய்தால் அதற்கும் ஒரு தேதி வேண்டும்: “அடுத்த ஆறு மாதத்தில் மீண்டும் பார்ப்போம்” என்று. தேதியில்லாத தொடர்ச்சியே மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று நீள்கிறது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருந்து இன்னும் தேவையா என்பதை அவ்வப்போது மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது.

அளவைக் குறைப்பது என்பது பலருக்குத் தோன்றாத, ஆனால் பல நேரங்களில் மிகச் சரியான வழி. உச்சத்தில் இருந்தபோது ஏற்றிய அளவு, அலை இறங்கியபின்னும் அப்படியே நிற்கிறது. அப்போது தேவைப்பட்டது இப்போது மிகையாக இருக்கலாம். தூக்கமும் மந்தமும் பொதுவாக அளவைச் சார்ந்தவை. சிறிது குறைத்தாலே பிள்ளை விழித்தெழுந்ததுபோல் ஆவதுண்டு. எடை அப்படியல்ல, குறைந்த அளவிலும் ஏறிக்கொண்டிருக்கலாம். ஆகவே எந்தப் பக்கவிளைவுக்காகக் குறைக்கிறோம் என்பது முக்கியம். நிறுத்த வேண்டும் என்று ஏற்கெனவே மனம் சாய்ந்திருந்தாலும் முதல் அடி இதுதான். பாதி வழியில் பிள்ளை நன்றாக இருந்தால் அங்கேயே நின்றுவிடவும் செய்யலாம்.

வேறு மருந்துக்கு மாறுவதில்தான் எனக்கு அதிகத் தயக்கம். ரிஸ்பெரிடோனால் மார்பு வீங்கிய பையனை அரிபிப்ரசோலுக்கு மாற்றுவதில் தெளிவான நியாயம் உண்டு. அது புரோலாக்டினைக் கூட்டுவதில்லை. பக்கவிளைவு தாங்கமுடியாமல், டிக்கும் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு மாறுவதைத் தவிர வேறு வழியும் இருக்காது. ஆனால் மாறும் வாரங்களில் பழைய மருந்து விலகுவதால் வருவது எது, புதிய மருந்து தருவது எது, டிக்கின் சொந்த அலை எது என்று மூன்றையும் பிரித்தறிய முடியாது. மூன்று, நான்கு மருந்துகள் மாறிய பிள்ளைகளின் குறிப்பேட்டைப் பார்த்தால், எந்த மருந்துக்கும் நியாயமான காலம் தரப்படவில்லை என்பது பெரும்பாலும் தெரியும். ஓசிடிக்காகக் கொடுக்கப்படும் ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மருந்து கூடவே இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: அது அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் போன்றவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றக்கூடியது, எனவே ஃப்ளுவாக்ஸெடினை நிறுத்தினால், டிக் மருந்தைத் தொடாமலே அதன் அளவும் இறங்கும். ஒரே நேரத்தில் ஒன்றுக்குமேல் மாற்றக் கூடாது என்ற பழைய விதி இங்கே மிகவும் பொருந்தும்.

நிறுத்துவது பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எப்படி நிறுத்துகிறோம் என்பது ஏன் நிறுத்துகிறோம் என்பதற்குச் சமமான கனம் உடையது. குளோனிடினையும் குவான்ஃபாசினையும் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் முன்பிருந்ததைவிட மேலே எகிறலாம். தலைவலி, படபடப்பு, பதற்றம், தூக்கமின்மை கூடவே வரும். இவற்றின் நீடித்த வடிவங்களுக்கான மருந்துக் குறிப்பில், மூன்று முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை, குளோனிடினில் 0.1 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் குவான்ஃபாசினில் 1 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் குறைத்து வரச் சொல்லியிருக்கிறது. “நிறுத்துவது” என்று நாம் நினைக்காத நேரங்களிலும் இது நேரலாம் என்பதுதான் கவனிக்க வேண்டியது: பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோவது, இரண்டு நாள் வாந்தியால் எதுவும் வயிற்றில் தங்காமல் போவது, கோபத்தில் பிள்ளை மாத்திரையை ரகசியமாகத் துப்பிவிடுவது. பிள்ளைக்கு மருந்து பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே தன் போக்கில் நிறுத்தும்.

ஆன்டிசைக்காடிக் மருந்தைச் சடுதியில் நிறுத்தினால் குமட்டல், தூக்கமின்மை, நிலைகொள்ளாமை வரலாம். இவற்றோடு, பிள்ளைகளிடம் குறிப்பாகக் காணப்படும் ஒன்று உண்டு: மருந்து குறைந்துவரும்போதோ நிறுத்திய சில நாட்களிலோ விரல்களும் வாயும் தோள்களும் நெளிவதுபோன்ற புதிய அசைவுகள் தோன்றும். இது மருந்து விலகுவதால் எழும் டிஸ்கினீசியா; பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானே அடங்கிவிடும். இதை டிக் திரும்பிவிட்டது என்று எண்ணி மருந்தை மீண்டும் ஏற்றினால் அசைவு மறையும், பெற்றோருக்கு மருந்தில்லாமல் முடியவே முடியாது என்ற முடிவும் வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய ஓரளவுக்கு வழி உண்டு. டிக் சட்டென்று வெட்டும், ஒரே வடிவில் திரும்பும், அதற்குமுன் உள்ளே ஓர் உந்தல் எழும், சிறிது நேரம் அடக்கிவைக்கவும் முடியும். டிஸ்கினீசியா ஓடிக்கொண்டே இருக்கும், வடிவம் மாறும், அடக்கச் சொன்னால் அடங்காது. “வருமுன் உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?” என்று பிள்ளையிடம் கேட்பதே நல்ல சோதனை, கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காட்சியை மருத்துவரிடம் காட்டுவது அதைவிட நல்லது.

அரிபிப்ரசோலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் பாதி உடலைவிட்டு வெளியேற ஏறத்தாழ 75 மணி நேரம் ஆகும். அதிலிருந்து உடல் உண்டாக்கும் செயல்படு பொருளுக்கு 94 மணி நேரம். ஆகவே கடைசி மாத்திரைக்குப் பின்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் மருந்து உள்ளே இருக்கும். நிறுத்திய முதல் வாரத்தில் “ஒன்றும் ஆகவில்லையே” என்று மகிழ்வதும், நான்காம் வாரத்தில் டிக் வந்தால் மருந்துக்குத் தொடர்பில்லை என்று நினைப்பதும் இரண்டுமே அவசரம். ஹாலோபெரிடாலோடு, அதனால் வரும் தசை விறைப்பைத் தடுக்க வேறொரு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால், அதை முதலில் நிறுத்தக் கூடாது. ஹாலோபெரிடால் விலகியபிறகே அது விலக வேண்டும். டோபிரமேட்டையும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். சடுதியில் நிறுத்தினால் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு.

காலம் பார்ப்பதும் முக்கியம். பள்ளி திறக்கும் வாரம், தேர்வு மாதம், வீடு மாறும் நேரம், குடும்பத்தில் துயரம் நிகழ்ந்த காலம் ஆகியவற்றில் டிக் எப்படியும் கூடும். அப்போது குறைக்கத் தொடங்குவது தோல்வியை அழைப்பதற்கு ஒப்பு. நீண்ட விடுமுறையின் தொடக்கம் நல்ல நேரம் என்பார்கள். நான் அதோடு ஒரு நிபந்தனை சேர்ப்பேன்: கடைசிக் குறைப்புக்கும் பள்ளி திறப்புக்கும் இடையே போதிய வாரங்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடுமுறையின் நிம்மதியில் குறைத்ததன் விளைவு பள்ளியின் பரபரப்பில்தான் வெளிப்படும்.

நடத்தைப் பயிற்சி இந்த ஒப்பீட்டில் எங்கே நிற்கிறது

டிக்குக்கான விரிவான நடத்தைச் சிகிச்சையில், டிக்குக்கு முன்னெழும் உந்தலைப் பிள்ளை அடையாளம் காணக் கற்கிறது. அந்த உந்தல் எழுந்ததும் டிக்கோடு ஒரே நேரத்தில் செய்யமுடியாத வேறொரு சிறு அசைவைச் செய்து பழகுகிறது. டிக்கைத் தூண்டும் சூழல்களையும் குடும்பம் மாற்றியமைக்கிறது. 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், பத்து வாரங்களில் எட்டு அமர்வுகளுக்குப் பின் இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் முன்னேறினர். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் 18.5 விழுக்காட்டினர்தான். மேலே சொன்ன 2019 வழிகாட்டுதல் இதையே முதல் தேர்வாக வைக்கிறது. டிக் அன்றாட வாழ்வைக் கெடுக்காத பிள்ளைகளுக்கு எதுவும் செய்யாமல் கவனித்திருப்பதையும் ஏற்கிறது.

இதன் குறைகளும் தெளிவானவை. உந்தலை உணரத் தெரியாத சிறு பிள்ளைக்கும், பயிற்சியில் ஐந்து நிமிடம்கூடக் கவனம் நிற்காத பிள்ளைக்கும் இது கடினம். பயிற்சியாளர்கள் குறைவு, இணையவழிப் பயிற்சிகள் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் மருந்தை நிறுத்த நினைப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: மருந்து இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கி, கைவந்தபின் அளவைக் குறைக்கலாம். டிக் சிறிது கூடினாலும் பிள்ளையின் கையில் ஒரு கருவி இருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

எந்த வழியும் பொருந்தாத ஒரு நிலையையும் குறிப்பிட வேண்டும். முன்பு டிக் இல்லாத பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஓரிரு நாட்களில் பெரிய அசைவுகளும் சொற்களும் ஒருசேரப் பொங்கிவந்தால், அது செயல்பாடு சார்ந்த டிக் போன்ற நடத்தையாக இருக்கலாம்; பார்க்க டிக் போலிருந்தாலும் இது டிக் கோளாறு அல்ல. 2020க்குப் பின் இவ்வகைப் பிள்ளைகள் பல நாடுகளில் அதிகமாகத் தென்பட்டார்கள். அதற்கு டிக் மருந்து பெரிதும் உதவுவதில்லை. அளவை ஏற்றுவதால் பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும். அங்கே முதலில் மறுபரிசீலிக்க வேண்டியது நோயறிதலை.

ஏடிஎச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் டிக்கைக் கூட்டும் என்று அஞ்சி அதை நிறுத்திவிடும் வீடுகளும் பல. 136 பிள்ளைகளிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், டிக் கூடியதாகச் சொல்லப்பட்டவர்கள் மெத்தில்ஃபெனிடேட் குழுவில் 20 விழுக்காடு, குளோனிடின் குழுவில் 26, வெற்று மாத்திரைக் குழுவில் 22. தனிப்பட்ட ஒரு பிள்ளைக்கு வேறுவிதமாக நடக்கலாம்; ஆனால் பொதுவிதியாக அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. நிறுத்தத் தேவையில்லாத மருந்தை நிறுத்திவிட்டு, படிப்பு சரிந்ததைப் பார்த்து, அந்தப் பதற்றத்தில் டிக் கூடியதைப் பார்த்து, டிக் மருந்தை ஏற்றும் சங்கிலி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எதைத் தேர்ந்தாலும் முதல் குறைப்புக்கு முன் நான்கு வாரங்கள் எதையும் மாற்றாமல் எழுதிவைப்பது பயன்தரும். வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் மட்டும் டிக்கை எண்ணினால் போதும். நாள் முழுதும் எண்ணிக்கொண்டிருக்கும் பெற்றோரின் பார்வையே டிக்கைக் கூட்டும். எடை, தூங்கிய நேரம், பள்ளி போக மறுத்த நாட்கள் ஆகியவை ஒரு பக்கம். மறுபக்கம் பிள்ளையே நிரப்ப வேண்டியது: இந்த வாரம் டிக் உன்னை எவ்வளவு தொந்தரவு செய்தது, மருந்து எவ்வளவு தொந்தரவு செய்தது, பத்துக்கு எத்தனை? இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கும் வீடுகளில் பெற்றோர் வியந்துபோவார்கள்.

எந்த நிலைக்கு வந்தால் குறைப்பதை நிறுத்துவது என்பதையும் முன்பே மருத்துவரோடு பேசி எழுதிவைக்க வேண்டும்: வலி தரும் டிக் இரண்டு வாரம் நீடித்தால், அல்லது பிள்ளை பள்ளி போக முடியாமல் போனால், என்பதுபோல. அப்படி ஆனால் பழைய முழு அளவுக்குத் தாவ வேண்டியதில்லை. பிள்ளை கடைசியாக நன்றாக இருந்த அந்த முந்தைய படிக்குத் திரும்பினால் போதும். அங்கே சில மாதங்கள் இருந்துவிட்டு, அலை இறங்கிய வேறொரு பருவத்தில், முன்னைவிடச் சிறிய அடியாக எடுத்து மறுபடியும் முயலலாம். பன்னிரண்டு வயதில் முடியாதது பதினைந்து வயதில் எளிதாக முடிவது இந்தக் கோளாறில் அபூர்வமல்ல.